ரெண்டு ஓம்

ராக்கெட்டுக்குப் பூட்டுப் போட்டவன் நான். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமான பூட்டு, நிஜமான சாவி. நம் பணிமனையில் நான் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஆர்மிங் ஸ்விட்ச், அதாவது ஏவுவதற்கு முன் மாதிரி ராக்கெட்டின் கணினியை எழுப்பும் ஸ்விட்ச், சாவி போட்டுத் திருப்புகிற வகை. பார்க்க அத்தனை கம்பீரமாக இருந்தது. விண்வெளிக்கே சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று ஒரு வாரம் மிதந்தேன். பிறகு ஆக்லாந்திலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் வண்டியோட்டி, வைக்காட்டோவில் ஒரு பால்பண்ணைக்காரரின் புல்வெளியில் ராக்கெட்டை நிமிர்த்தி நிறுத்தி, எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தடவினேன். சாவி இல்லை. பாபடோயிட்டோய் வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் செய்தேன்.

"கொத்துல புதுசா ஒண்ணு தொங்குதே, அதுவா? தபால் பெட்டிச் சாவின்னு நெனச்சேன். காலையிலேர்ந்து திருகிக்கிட்டு இருக்கேன், திறக்கவே மாட்டேங்குது," என்றாள்.

ராக்கெட்டைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது முதலாளி ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுத்த தடவை அந்தத் தபால் பெட்டியையும் கொண்டு வா."

இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நம் பணிமனையில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஓய்வு பெற்றுப் போன ஒருவனுக்கு நினைவுப் பரிசாகத் தகரத்தில் செய்த குட்டித் தபால் பெட்டி கொடுத்த ஒரே நிறுவனம் நம்முடையதாகத்தான் இருக்கும். அது என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.

புதிதாக ஸ்விட்ச் மேசைக்கு வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என் அனுபவத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதுதான். நான் சொல்லப்போகிற தவறு தமிழில் மட்டுமே நடக்கக்கூடியது. ஆங்கிலத்தில் அதை முதலாளிக்கு விளக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

உங்களுக்குத் தெரிந்ததையே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய மாதிரி ராக்கெட்டின் வயிற்றுக்குள் நம் சிறிய கணினி இருக்கிறது. உச்சிக்குப் போனதும் அது கருமருந்தைப் பற்றவைத்துப் பாராசூட்டை வெளியே தள்ள வேண்டும். ராக்கெட் தரையில் படுத்திருக்கும்போது அந்தக் கணினி விழித்துக்கொண்டால் மருந்து யார் முகத்திலாவது வெடிக்கும். வானத்தில் போய்த் தூங்கிவிட்டால் ராக்கெட் ஆணி மாதிரி மண்ணில் இறங்கும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே இருப்பது கட்டைவிரல் நகத்தளவு ஒரு ஸ்விட்ச். ராக்கெட் செங்குத்தாக நின்ற பிறகு, பக்கத்து ஓட்டை வழியாக அதைத் திருப்புகிறோம். கணினி 'பீப் பீப்' என்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் எல்லாம் சரி என்று பொருள் இல்லை. அந்த நொடியில் மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஸ்விட்சைத் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியது, அது திறந்து மூடுகிற அழகை அல்ல. ராக்கெட் கிளம்பும் உதறலில் அது ஒரு கண்ணிமைப்பு நேரம் கூட விட்டுவிடக் கூடாது. தள்ளு ஸ்விட்சை ராக்கெட்டின் நீளவாக்கில் வைத்தால், கிளம்பும் வேகத்தில் பொத்தான் தானாகவே கீழே சறுக்கும்; கீழ்ப்பக்கம் 'ஆஃப்' என்றால் கதை முடிந்தது. இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முட்டாள்தனம் போதும்.

நான் சொல்ல வந்தது டாக்டரைப் பற்றி. அவர் டாக்டர் இல்லை. மன்னார்க்காரர், பரிசோதனை மேசை அவருடையது. பழைய பல் தூரிகை ஒன்றின் கைப்பிடியால் ஸ்விட்சை 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பார். நெஞ்சைத் தட்டிச் சளி பார்ப்பது போலிருக்கும். அதனால் நான் வைத்த பெயர் அது. பிறகு முதலாளி வரைக்கும் அப்படியே கூப்பிட்டார்கள். நல்ல ஸ்விட்சைத் தட்டினால் மீட்டரில் எண் ஆடாது, பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். கெட்டதைத் தட்டினால் எண் குதிக்கும். ஒரு ஸ்விட்ச் விஷயத்தில் டாக்டர் பேசும் மொத்தச் சொற்கள் மூன்றைத் தாண்டியதில்லை. நான் ஒரு ஸ்விட்சுக்கு முந்நூறு சொல் பேசுகிறவன். இருவரும் ஒரே மேசையில் இருந்தது கடவுளின் குறும்பு.

அப்போது எங்களிடம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். டோங்காக்காரர், ஒடாஹுஹுவில் பேருந்து ஓட்டுநர். கதவில் நுழைந்தால் அறை கொஞ்சம் இருட்டும். அப்படி ஒரு உடம்பு. குரல் மட்டும் தாலாட்டு மாதிரி. மாதிரி ராக்கெட்காரர்களுக்கான மிக உயர்ந்த சான்றிதழுக்காக அவர் ஒரு ராக்கெட் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு குளிர்காலமாகக் காரை வெளியே நனையவிட்டு, கேரேஜில் ராக்கெட்டைப் போர்வை போர்த்தி வைத்திருந்தார். அவரைவிட உயரம். அதைப் பறக்கவிட்டு முழுசாகத் தரையிறக்கினால் சான்றிதழ். உடைந்தால் சான்றிதழும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. டாக்டர் தினமும் வேலைக்கு வருவது அவர் பேருந்தில்தான்.

அவருக்காக இரண்டு ஸ்விட்சுகளை நான் தேர்ந்தெடுத்தேன். ஒரு கணினி தவறினால் இன்னொன்று காப்பாற்றும் என்று இரண்டு கணினிகள். அதனால் இரண்டு ஸ்விட்சுகள். வயர் வைத்து, ஈயத்தை உருக்கிச் சால்டர் செய்ததும் நான்தான். செய்துவிட்டு, கைவேலை எப்படி என்று தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். இதையும் நினைவில் வையுங்கள், பெருமைக்காகச் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. டாக்டர் அன்றுதான் அவற்றைத் தட்டிப் பார்த்தார். நானோ வெஸ்ட்கேட்டில், ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில். மனைவி உள்ளே சோபாக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். வெளியே அடித்த காற்றில் தொப்பியை ஒரு கையாலும் போனை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டேன்: "டாக்டர், அந்த ரெண்டு ஸ்விட்சும் தட்டிப் பாத்தீங்களா? எப்படி இருக்கு?"

"ரெண்டு ஓம், அண்ணை," என்றார்.

இங்கே என் அடுத்த முட்டாள்தனம். நான் தஞ்சாவூர்க்காரன். டாக்டரோடு பல வருஷம் மேசையைப் பகிர்ந்துகொண்டதில் இலங்கைத் தமிழ் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைப்பு. நாம் 'ஆமா' என்பதை அவர்கள் 'ஓம்' என்பார்கள், அது எனக்குத் தெரியும், பாருங்கள் எவ்வளவு தெரியும் என்று வீட்டில் கூட 'ஓம்' போட்டுக்கொண்டு திரிந்த காலம். ஆகவே என் காதில் விழுந்தது 'ரெண்டும் ஓம்'. இரண்டும் சரி.

"சூப்பர்," என்றேன். போனை வைத்தேன். அடுத்த நிமிடமே முன்னறைக்குப் போன் செய்து, "என் தட்டில் இருக்கும் இரண்டு ஸ்விட்சும் பாஸ், ஓட்டுநர் வந்தால் கொடுத்துவிடுங்கள்," என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்கப் போனேன்.

சனிக்கிழமை களம். அதே பால்பண்ணை, அதே புல். ஓட்டுநரின் மனைவி, பிள்ளைகள், சகோதரிகள், சர்ச்சிலிருந்து ஒரு பாடகர் குழு, மூன்று பெரிய பாத்திரங்களில் சாப்பாடு. டாக்டரும் வந்திருந்தார். அவர் களத்துக்கு வருவது அபூர்வம். தன் பேருந்தில் வரும் ஒருவர் தன் ராக்கெட்டையும் பார்க்க வேண்டும் என்று ஓட்டுநரே அழைத்திருந்தார். அவர் டாக்டரிடம் அதிகம் பேசியிருக்க முடியாது. காலையில் ஒரு தலையசைப்பு, மாலையில் ஒரு தலையசைப்பு. சிலருக்கு அதுவே நட்பு.

ராக்கெட் நிமிர்ந்து நின்றது. ஓட்டுநர் ஏணியில் ஏறி ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ஸ்விட்சுகளையும் திருப்பினார். முதல் கணினி பீப் அடித்தது. இரண்டாவதும் அடித்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினேன். பார்வையாளர் கோட்டுக்குத் திரும்பி நடந்து வந்து டாக்டர் பக்கத்தில் நின்றேன். களத்தின் பாதுகாப்பு அதிகாரி, கண்டிப்பான வெள்ளைக்காரப் பெண்மணி, ஒரு கையில் மைக்கும் மறு கையில் பொத்தானுமாக நின்று வானத்தில் விமானம் இருக்கிறதா, சாலையில் ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.

டாக்டர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "எந்த ஸ்விட்ச் போட்டது, அண்ணை?"

"நீங்க தட்டிப் பாத்ததுதான்."

"அது உங்கட தட்டிலயெல்லே கிடக்கு. திருப்பிச் செய்யிறதுக்கு வைச்சனான்."

"எதுக்குத் திருப்பிச் செய்யணும்? ரெண்டும் ஓம்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

டாக்டர் ஊற்றுவதை நிறுத்தினார். "ரெண்டும் ஓம் எண்டு நான் ஏன் சொல்லுறன்? ரெண்டு ஓம் எண்டு சொன்னனான். தட்டத் தட்ட மீட்டர் ரெண்டு ஓமுக்குப் பாயுது. ரெண்டு ஸ்விட்சும்."

"நான் சூப்பர்னு சொன்னேனே, டாக்டர்."

"நீங்கள் எரிஞ்சு போன போர்டுக்கும் சூப்பர் எண்டுதானே சொல்லுறனீங்கள்."

உண்மை. அது என் நகைச்சுவை. புகை வந்தால் 'சூப்பர்', ஃபியூஸ் போனால் 'பிரமாதம்'. எப்போதும் கேலி செய்கிறவன் நிஜமாகவே தப்பாகப் புரிந்துகொண்டால், யாருக்கும் அது தெரியாது.

மீட்டர் காட்டியது மின்தடையின் அலகான ஓம். ஸ்விட்சில் அது இரண்டுக்குக் குதிக்கிறது என்றால் உள்ளே தொடர்பு தளர்ந்திருக்கிறது. தரையில் அமைதியாக நிற்கும்போது பீப் அடிக்கும். கிளம்பும் உதறலில் கணினி ஒரு கணம் தூங்கி, வழி தெரியாமல் விழிக்கும். பாராசூட் வராது.

அதிகாரி "சாலை சுத்தம்" என்றார்.

அந்தச் சில நொடிகளில் என் மண்டைக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். பீப் நன்றாகத்தானே வந்தது. இரண்டும் ஒரே நேரத்திலா விடும்? ஒன்று பிழைத்தால் போதுமே. பாடகர் குழு எழுந்து நின்றுவிட்டது. நான்கு மணிக்குப் பசுக்கள் பால் கறப்புக்கு இந்தப் புல்வெளி வழியாகத்தான் போக வேண்டும். அதற்குமேல் அனுமதி கிடையாது. இப்போது நிறுத்தினால் இன்றைக்குப் பறக்காமலே போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை பேர் முன்னால் 'தப்பு என்னுடையது' என்று சொல்ல வேண்டும். தபால் பெட்டிக்காரன் மறுபடியும். ஒன்றும் சொல்லாவிட்டால், ராக்கெட் விழுந்தாலும் காரணம் மண்ணுக்குள் புதைந்துவிடும். எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. ராக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைத் தூக்கினேன். "நிறுத்துங்க" என்று கத்தினேன்.

தமிழில். அந்தப் புல்வெளியில் அது புரிந்தவர் ஒருவர்தான். ஆனால் உயர்த்திய கைக்கு மொழி இல்லை. அதிகாரி பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். மைக்கில் "ஹோல்ட்" என்றார். பாடகர் குழு ஒவ்வொருவராக உட்கார்ந்தது.

ஓட்டுநரிடம் நடந்து போய்ச் சொன்னேன். போனில் தப்பாகக் கேட்டது நான், பாஸ் என்று சொன்னது நான், இரண்டு ஸ்விட்சையும் நம்ப முடியாது. சமாதானம் எதுவும் சேர்க்கவில்லை. வாழ்க்கையிலேயே நான் பேசிய மிகச் சிறிய உரை அது. அவர் தொப்பியைக் கழற்றி ராக்கெட்டைப் பார்த்தார்.

"ப்ரோ, பிரேக்ல சந்தேகம்னு தெரிஞ்சா நான் பஸ்ஸிலேர்ந்து எல்லாரையும் இறக்கி விட்டுடுவேன்," என்றார். "இறக்கு."

முதலில் ஸ்விட்சுகளை அணைத்தோம். அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்க, மருந்தைக் கழற்றினோம். பிறகு ராக்கெட்டைப் படுக்கவைத்தோம். மாற்று ஸ்விட்சுகள் என் பெட்டியில் இருந்தன. டாக்டர் அவற்றை வாங்கிப் பல் தூரிகையால் தட்டினார். அவையும் குதித்தன. அதே நாளில், அதே கையால் நான் சால்டர் செய்தவை. காப்பாற்ற வைத்திருந்ததும் என் கைவேலைதான், கெடுத்ததும் அதேதான்.

"ஸ்விட்ச் வேண்டாம். வயரை முறுக்குங்கோ," என்றார் டாக்டர்.

இரண்டு வயர் முனைகளை ஓட்டை வழியாக வெளியே எடுத்து, ராக்கெட் நிமிர்ந்த பிறகு விரலால் முறுக்கி, உள்ளே தள்ளி டேப் ஒட்டிவிடுவது. இதைவிட எளிய ஸ்விட்ச் உலகத்தில் இல்லை, உதறினாலும் விடாது. எனக்குத்தான் மனசு வரவில்லை.

"நாம ஸ்விட்ச் விக்கிறவங்க, டாக்டர். நம்ம பேர் போட்ட ராக்கெட்டுல முறுக்கின வயரா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"ராக்கெட்டுக்கு வெக்கம் இல்லை, அண்ணை. முறுக்குங்கோ."

ஓட்டுநரின் வண்டிப் பின்தட்டில் வைத்து வயரை வெட்டினோம், தோல் உரித்தோம், முறுக்கிப் பார்த்தோம். டாக்டர் தட்டினார். எண் அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். அசையவில்லை. பண்ணைக்காரர் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருக்குப் பின்னால் பசுக்கள் வரிசையாக நின்று எங்களை வெறித்துக்கொண்டிருந்தன.

"மணி ஆகுது. என்கிட்ட நீங்க பேசிக்கலாம், இதுங்ககிட்ட முடியாது," என்றார்.

"பதினைஞ்சு நிமிஷம்," என்றார் ஓட்டுநர்.

"பத்து," என்றார் பண்ணைக்காரர்.

பசுக்களில் ஒன்று கத்தியது. பத்துக்கும் அதற்குச் சம்மதமில்லை போலிருக்கிறது.

மருந்தைத் திரும்பப் பொருத்தியதும் ராக்கெட் மறுபடி நிமிர்ந்தது. அதிகாரி எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்தார். பசுவுக்காக ஒரு வரியைக் கூட அவர் விடவில்லை, அதற்கு அவரை இன்றும் மதிக்கிறேன். ஓட்டுநர் ஏணியில் ஏறி, அந்தப் பெரிய விரல்களால் மெல்லிய வயரை ஒரு பூ முடிவது போல முறுக்கினார். பீப். மற்றதையும் முறுக்கினார். பீப். டேப் ஒட்டி இறங்கினார்.

கிளம்பியது. சத்தம் எங்களை எட்டும்போது அது ஏற்கெனவே ஒரு கோடாகிவிட்டிருந்தது. பிறகு கோடும் இல்லை. வானத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பது என்பது என்ன என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியும். அப்புறம் மிக உயரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. சின்னப் பாராசூட். ராக்கெட் இறங்கி வந்ததும், தாழ்ந்த உயரத்தில் பெரிய பாராசூட் சிவப்பாக விரிந்தது. பாடகர் குழு யாரும் சொல்லாமலே பாடத் தொடங்கியது. ராக்கெட் புல்லில் உட்கார்ந்தது. அதுவும் பசுக்களுக்கு இருபது அடி முன்னால். அவை நின்று முகர்ந்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயின.

அதிகாரி சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் என்னைக் கட்டிப்பிடித்தார். என் விலா எலும்புகள் இரண்டு நாள் அதை நினைவில் வைத்திருந்தன. டாக்டரை அவர் கட்டிப்பிடிக்கவில்லை. தலையை அசைத்தார். டாக்டரும் அசைத்தார்.

இதில் எனக்கு ஒரு பங்கு பெருமை உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் தேர்ந்தெடுத்த அழகான ஸ்விட்ச் எதுவும் என்னைப் பெருமைப்படுத்தியதில்லை. என் ஸ்விட்சை நானே பிடுங்கி எறிந்த நாள்தான் நான் அந்த மேசைக்கு லாயக்கானவன் ஆன நாள்.

திங்கட்கிழமை அந்த ஸ்விட்சுகளை அறுத்துப் பார்த்தேன். ஸ்விட்சில் பிறவிக் குறை ஏதுமில்லை. ஈயம் வழவழப்பாக, அழகாக வர வேண்டும் என்று நான் சூட்டுக்கோலை அதிக நேரம் அழுத்தியிருக்கிறேன். உள்ளே பிளாஸ்டிக் இளகி, தகடு சாய்ந்திருந்தது. ஊருக்கெல்லாம் தூக்கிக் காட்டிய கைவேலையின் லட்சணம். முதலாளியிடம் கொண்டுபோய் மேசையில் வைத்துச் சொன்னேன். ஓட்டுநருக்கும் போன் செய்து சொன்னேன். அதற்குப் பிறகுதான், வயரையே திருகாணியின் கீழே இறுக்குகிற, சூட்டுக்கோல் தொடவே வேண்டாத ஸ்விட்சைத் தேடிப் பிடித்தேன். யார் பையிலும் இருக்கிற சாதாரண ஸ்க்ரூடிரைவர் போதும். இன்று உங்கள் மேசையில் இருப்பது அதுதான். பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் டாக்டர் தட்டி அதில் எண் குதித்ததில்லை.

தேறாததற்குச் சிவப்பு அட்டை கட்டுகிற வழக்கமும், போனில் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டே வைக்கிற வழக்கமும் அந்த வாரம் வந்தவை. 'ஓம்' என்ற சொல்லை மேசையில் தடை செய்யலாம் என்று நான் யோசனை சொன்னேன். டாக்டர் தன் பாஷையை விடுவதாயில்லை. அதனால் அலகுதான் போனது. நம் மேசைத் தமிழர்கள் மட்டும் ஏன் 'மீட்டர்ல ரெண்டு' என்று மொட்டையாகச் சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா, இதுதான் காரணம்.

அந்தத் திங்கட்கிழமை மாலை டாக்டர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு இன்னும் நிமிர்ந்தே இருந்தது. யாராவது இரண்டு வார்த்தை பாராட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"டாக்டர், நான் கையைத் தூக்கினதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும்தானே? ஒருவேளை நான் தூக்காமயே நின்னிருந்தா, நீங்க எவ்வளவு நேரம் சும்மா பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க?"

"மூண்டு எண்ணும் வரைக்கும். ரெண்டு எண்ணிட்டன், அண்ணை."